சொத்தையை நிறுத்தும் ஒரு சொட்டு வெள்ளி

"பால் பல்தானே, எப்படியும் விழத்தானே போகுது" என்று பெரியவர்கள் தள்ளிப்போடும் சொத்தை, மூன்று வயதுப் பிள்ளையின் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஒரு பக்கமாகவே மெல்லப் பழக்குகிறது. சோற்றை விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்காரவைக்கிறது. "சாப்பிட அடம்பிடிக்கிறான்" என்று நாம் திட்டும் பிள்ளைக்குப் பல் வலிக்கிறது என்பது பல வீடுகளில் மாதக்கணக்கில் தெரிவதே இல்லை. பால் பல்லுக்கும் நிரந்தரப் பல்லுக்கும் நடுவே இருக்கும் காலமும் நாம் நினைப்பதுபோலக் கொஞ்சமல்ல. கடைவாய்ப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை வாயில் இருக்க வேண்டியவை. அவை முன்கூட்டியே போய்விட்டால் பக்கத்துப் பற்கள் நகர்ந்து, பின்னால் முளைக்க வேண்டிய நிரந்தரப் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உலகில் 50 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பால் பல்லில் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை கணக்கிட்டிருக்கிறது.

சொத்தையைக் குடைந்து எடுத்துவிட்டு அடைப்பதுதான் நாம் அறிந்த வைத்தியம். பெரியவர்களுக்கு அது சரி. மூன்று வயதுக் குழந்தை, காதருகே துளைப்பான் இரைய, வாயைத் திறந்தபடி இருபது நிமிடம் அசையாமல் படுத்திருக்குமா? இருக்காது. ஆகவே பல பற்கள் கெட்டுப்போன குழந்தைகளை முழு மயக்கத்தில் ஆழ்த்தி வைத்தியம் செய்கிறார்கள். அதற்கு ஆஸ்பத்திரி வேண்டும், மயக்க மருத்துவர் வேண்டும், பணம் வேண்டும். இவை இல்லாத குடும்பத்துப் பிள்ளை வலியோடு வளர்கிறது. சொத்தைமேல் எதையாவது தடவி அதை அப்படியே நிறுத்திவிட முடியுமா என்ற தேடல் இங்கிருந்துதான் வலுப்பெற்றது. அந்தத் தேடலில் தோற்ற மருந்துகளைத் தெரிந்துகொண்டால்தான் ஜெயித்த மருந்தின் அருமை புரியும்.

சொத்தையில் பூச்சி இருக்கிறது என்று நம் ஊர்களில் நெடுங்காலமாக நம்பினார்கள். கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு அந்தப் புகையை வாயில் பிடிக்கும் வழக்கம் கிராமங்களில் இருந்தது. கண்ணால் காணும் பூச்சி எதுவும் அங்கே இல்லை. ஆனால் உயிருள்ள ஏதோ ஒன்றுதான் பல்லைத் தின்கிறது என்ற உள்ளுணர்வு தவறல்ல. 1890இல் பெர்லினில் இருந்த அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர், வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாவையும் சர்க்கரையையும் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலமே பல்லைக் கரைக்கிறது என்று எழுதினார். எந்த நுண்ணுயிர் என்று அவரால் ஒன்றைச் சுட்ட முடியவில்லை. 1924இல் லண்டனில் கிளார்க் என்பவர் சொத்தைக் குழியிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து அதற்கு ஸ்டிரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயரிட்டார். முப்பது நாற்பது ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1954இல் அமெரிக்காவில் ஆர்லண்டும் அவருடைய சகாக்களும், உடலில் ஒரு கிருமிகூட இல்லாமல் வளர்த்த எலிகளுக்குச் சர்க்கரை மிகுந்த தீனி போட்டார்கள். ஒரு பல்கூடச் சொத்தையாகவில்லை. குறிப்பிட்ட பாக்டீரியாக்களைச் சேர்த்து வளர்த்த எலிகளுக்குச் சொத்தை வந்தது. 1960இல் பால் கீஸ், வெள்ளெலி வகைகளை வைத்து இதற்கு அடுத்த படியைக் காட்டினார். சொத்தை வராத விலங்கைச் சொத்தையுள்ள விலங்கோடு ஒரே கூண்டில் விட்டால் அதற்கும் சொத்தை தொற்றியது. சொத்தை, சர்க்கரையும் கிருமியும் சேர்ந்து செய்யும் வேலை. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நடக்காது.

மியூட்டன்ஸுக்கு மூன்று திறமைகள். சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றும். அந்த அமிலம் சுற்றிலும் பெருகி மற்றப் பாக்டீரியாக்கள் திணறும்போது, தன் உடலுக்குள் புகும் அமிலத்தை வெளியேற்றிக்கொண்டு அது மட்டும் தாக்குப்பிடிக்கும். மூன்றாவது, நாம் டீயில் போடும் அதே சர்க்கரையிலிருந்து குளுக்கன் என்ற பிசினைத் தயாரித்துப் பல்லோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிசினில் மற்ற நுண்ணுயிர்களும் குடியேறும். பல் துலக்காத நாளில் நாக்கால் தடவினால் வழவழவென்று படும் படலம் இதுதான். பல் மருத்துவர்கள் இதைப் பிளேக் என்பார்கள்.

1940களில் ராபர்ட் ஸ்டீபன், இந்தப் பிளேக்குக்குள் மெல்லிய மின்முனையைச் செருகி அமிலத்தன்மையை அளந்தார். சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளித்த சில நிமிடங்களுக்குள் பிஹெச் அளவு சரசரவென்று இறங்கியது. எனாமல் கரையத் தொடங்கும் எல்லை சுமார் 5.5. அதற்குக் கீழே போன அளவு பழைய நிலைக்கு ஏற அரை மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. எச்சில்தான் அதை மேலே ஏற்றுகிறது, கரைந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. தூங்கும்போது எச்சில் ஊறுவது வெகுவாகக் குறைந்துவிடும். சர்க்கரை போட்ட பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கிப்போகும் குழந்தையின் மேல்வரிசை முன்பற்கள் முதலில் போவது இதனால்தான்.

கிருமிதான் காரணம் என்று உறுதியானதும், கிருமியைக் கொன்றால் தீர்ந்தது என்று தோன்றுவது இயல்பு. அதற்குக் கைவசம் ஒரு வலுவான மருந்தும் இருந்தது. குளோரெக்சிடின். 1970இல் டென்மார்க்கில் லோவும் ஷியாட்டும் ஒரு சோதனை நடத்தினார்கள். பல் துலக்குவதையே நிறுத்திவிட்ட மாணவர்கள் தினம் இரண்டு வேளை 0.2 சதவீதக் குளோரெக்சிடின் கரைசலால் கொப்பளித்தார்கள். பிளேக் படியவில்லை. இன்றைக்கும் ஈறு வீக்கத்துக்கு மருந்துக்கடையில் தரும் வாய்க் கொப்பளிப்பில் இதுதான் இருக்கிறது. துப்பிய பிறகும் பல்லிலும் ஈறிலும் ஒட்டியிருந்து மணிக்கணக்கில் வேலை செய்வது இதன் சிறப்பு. மியூட்டன்ஸுக்கு இது எமன். இதை அடர்த்தியான வார்னிஷாக்கிப் பல்லில் பூசினால் எச்சிலில் அந்தக் கிருமியின் எண்ணிக்கை நன்றாகவே சரிகிறது.

ஆனால் சொத்தை அந்த அளவுக்குக் குறையவில்லை. குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மீது நடந்த சோதனைகளை எல்லாம் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். குளோரெக்சிடின் ஜெல்லோ வார்னிஷோ சொத்தையைத் தடுக்கிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. கிருமி செத்தும் நோய் ஏன் நிற்கவில்லை? ஒன்று, செத்தது மேலடுக்குதான். பிளேக்கின் அடியிலும் பல்லின் இடுக்குகளிலும் பதுங்கியவை தப்பித்து, சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பப் பெருகின. இன்னொன்று, அமிலம் உண்டாக்குவது மியூட்டன்ஸ் மட்டுமல்ல. லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. 2023இல் அமெரிக்க ஆய்வாளர்கள், ஈறு நோயோடு மட்டும் சேர்த்துப் பேசப்பட்டு வந்த செலினோமோனாஸ் ஸ்புடிஜினா என்ற பாக்டீரியாகூட மியூட்டன்ஸின் பிசினில் சிக்கி, அதோடு கூட்டுச் சேர்ந்து அமிலத்தைப் பெருக்குவதைக் கண்டார்கள். சர்க்கரை வந்துகொண்டே இருக்கும் வாயில் ஒன்றை விரட்டினால் இன்னொன்று அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். பிரிட்டனைச் சேர்ந்த பிலிப் மார்ஷ் 1990களில் இதைக் கோட்பாடாகவே வகுத்தார். சொத்தைக்கு வேர் வெளியிலிருந்து வரும் ஒரு தனிக் கிருமியல்ல, வாயின் சூழல் கெட்டுப்போவது என்றார் அவர்.

இந்தச் சிந்தனையை ஒட்டி வந்த சில முயற்சிகள் அழகானவை. பின்லாந்தில் சைலிட்டால் என்ற இனிப்பை ஆராய்ந்தார்கள். மியூட்டன்ஸ் அதைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுத்து, தன் சக்தியைச் செலவழித்து, ஒன்றும் பெறாமல் வெளியே தள்ளுகிறது. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் சைலிட்டால் சூயிங்கம் மென்றபோது, அவர்களிடமிருந்து பிள்ளைகளுக்குக் கிருமி தொற்றுவது குறைந்ததை அங்கே நடந்த ஆய்வு காட்டியது. அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தைப் பற்பசையில் சேர்த்தால், வாயின் நல்ல பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக்கி அமிலத்தை முறிக்கின்றன. இவற்றில் எதையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்கெனவே குழி விழுந்த பல்லை இவை நிறுத்துமா என்றால், நிறுத்தாது.

ஃபுளோரைடு வார்னிஷ் இவற்றைவிட ஒரு படி மேல். ஃபுளோரைடு, அமிலச் சூழலில் பாக்டீரியாவின் சவ்வைக் கடந்து உள்ளே போய் அது சர்க்கரையைச் செரிக்கும் நொதியை முடக்குகிறது. அதைவிட முக்கியமாக, கரைந்த எனாமல் மறுபடி இறுகும்போது கூடவே படிந்து, முன்பைவிட அமிலம் தாங்கும் கனிமமாக்குகிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பூசினால் பால் பற்களின் சொத்தை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது என்பது 2013இல் வெளியான காக்ரேன் தொகுப்பின் முடிவு. வராமல் தடுக்க இது அருமையான மருந்து. வந்து குழியாகி, எனாமலுக்குக் கீழே உள்ள டென்டின்வரை இறங்கிவிட்ட சொத்தைக்கு இதன் பலம் போதாது.

அங்கேதான் வெள்ளி வருகிறது. வெள்ளி உப்பைச் சொத்தையில் தடவுவது 19ஆம் நூற்றாண்டிலேயே பல் மருத்துவர்களுக்குத் தெரியும். 1917இல் பாஸ்டனில் பெர்சி ஹோவ் அம்மோனியா கலந்த வெள்ளி நைட்ரேட்டைப் பரப்பினார். பிறகு துளைப்பான்கள் வேகமெடுத்தன, மரத்துப்போகும் ஊசி பரவலானது, பல்லைக் குடைந்து அடைப்பதே மருத்துவம் என்றாகி வெள்ளி மறக்கப்பட்டது. அதற்கு மறுவாழ்வு கொடுத்தவர் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிசுஹோ நிஷினோ. பேராசிரியர் யமாகாவின் வழிகாட்டலில் ஆராய்ந்த அந்தப் பெண்மணி, கிருமியைக் கொல்லும் வெள்ளியையும் பல்லை இறுக்கும் ஃபுளோரைடையும் ஒரே கரைசலில் சேர்த்து, அம்மோனியாவால் அதை நிலைநிறுத்தி, 1969இல் ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். அடுத்த ஆண்டே ஜப்பானில் அது சாஃபோரைடு என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 38 சதவீத சில்வர் டயமின் ஃபுளோரைடு. சுருக்கமாக எஸ்டிஎஃப்.

இது சொத்தைக்குள் என்ன செய்கிறது என்பதுதான் என்னை வியக்கவைக்கும் பகுதி. டென்டின் என்பது கெட்டியான சுவர் அல்ல. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் உள்நோக்கி ஓடுகின்றன. பாக்டீரியா உள்ளே இறங்குவது அந்த வழியாகத்தான். அதே வழியாக எஸ்டிஎஃப்பும் இறங்கி, குழாய்களுக்குள் வெள்ளியாகப் படிந்துவிடுகிறது. வெள்ளி அயனிகள் பாக்டீரியாவின் சவ்வைச் சிதைக்கின்றன, அதன் புரதங்களைப் பிடித்து முடக்குகின்றன. கனிமம் கரைந்தபின் எஞ்சி நிற்கும் கொல்லாஜன் நாரை அரிக்கும் நொதிகளும் அடங்குகின்றன. ஃபுளோரைடோ, கூழான பகுதியை மறுபடி கெட்டிப்படுத்த உதவுகிறது. குளோரெக்சிடினால் முடியாமல்போன இரண்டும் இங்கே நடக்கின்றன. மருந்து அந்த இடத்தைவிட்டுப் போவதில்லை; பல்லும் சேர்ந்தே சீராகிறது.

வெள்ளிக்கு இன்னொரு குணமும் உண்டு. 2015இல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெள்ளியால் செத்த பாக்டீரியாக்களைக் கழுவி எடுத்து, உயிருள்ள பாக்டீரியாக்களுக்கு நடுவே விட்டார்கள். புதிதாக எந்த மருந்தும் சேர்க்கவில்லை. செத்தவற்றின் உடலில் தேங்கியிருந்த வெள்ளி கசிந்து, உயிருள்ளவற்றையும் கொன்றது. அவர்கள் சோதித்தது வாயில் வாழும் கிருமியை அல்ல. ஆனாலும் வெள்ளி ஏன் நீண்டகாலம் காவல் நிற்கிறது என்பதற்கு அது ஒரு நல்ல தடயம்.

தடவும் முறையைப் பார்த்தவர்கள் இவ்வளவுதானா என்று கேட்பார்கள். உதட்டிலும் ஈறிலும் வாசலைன் பூசுவார்கள், மருந்து பட்டுக் கறையாகாமல் இருக்க. பல்லைச் சுற்றிப் பஞ்சு வைத்து எச்சிலை ஒதுக்கி, குழியைக் காயவைப்பார்கள். சின்னக் கிண்ணத்தில் ஒரே ஒரு சொட்டு. குண்டூசித் தலை அளவுள்ள தூரிகையால் அதைத் தொட்டுச் சொத்தைக்குள் ஒற்றி ஒரு நிமிடம் விட்டுவைப்பார்கள். அம்மோனியா நெடி கொஞ்சம் அடிக்கும், நாக்கில் காசைச் சப்பியது போன்ற ருசி தெரியும். ஊசி இல்லை, துளைப்பான் இல்லை, வலி இல்லை. ஒரு சொட்டில் நாலைந்து பற்களை முடிக்கலாம். சில நாளில் சொத்தை கறுக்கும். சில வாரம் கழித்துக் கருவியின் முனையால் தொட்டுப் பார்த்தால், முன்பு கூழாக நெகிழ்ந்த இடம் கல்போலக் கெட்டித்திருக்கும். கறுப்போடு கெட்டியும் சேர்ந்திருந்தால் சொத்தை நின்றுவிட்டது என்று அர்த்தம். கறுத்தும் மெத்தென்று இருந்தால் மறுபடி தடவ வேண்டும்.

சீனாவின் குவாங்சோ நகரில், முன்பற்கள் சொத்தையான 375 மழலைப் பள்ளிக் குழந்தைகளை ஹாங்காங் ஆய்வாளர்கள் 30 மாதம் பின்தொடர்ந்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை எஸ்டிஎஃப் தடவிய பற்களில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபுளோரைடு வார்னிஷ் பூசிய பற்களைவிட அதிகமாகச் சொத்தை நின்றது. சிலருக்குத் தடவும் முன் சொத்தையைச் சுரண்டி எடுத்தார்கள், சிலருக்கு அப்படியே தடவினார்கள். பலனில் வித்தியாசமில்லை. சுரண்டத் தேவையில்லை என்ற இந்த ஒரு கண்டுபிடிப்பு, குழந்தைப் பல் மருத்துவத்தில் பயம் என்ற சொல்லையே பாதியாகக் குறைக்கக்கூடியது.

காத்மாண்டுவில் நடந்த ஆய்வு எச்சரிக்கையும் சேர்த்துச் சொன்னது. ஒரே ஒரு முறை தடவியதில் ஆறு மாதத்தில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் அப்படி நின்ற சொத்தைகளில் பாதி, இரண்டு ஆண்டு முடிவதற்குள் மறுபடி உயிர்பெற்றுவிட்டது. அடர்த்தி 12 சதவீதமாக இருந்த மருந்து பலிக்கவே இல்லை. ஹாங்காங்கில் பின்னர் நடந்த ஆய்வு இதற்கு விடை தந்தது. 38 சதவீத மருந்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடவியபோது, இரண்டரை ஆண்டில் நான்கில் மூன்று பங்கு சொத்தைகள் நின்றன. ஆண்டுக்கு ஒருமுறை தடவியபோது மூன்றில் இரண்டு பங்கு. ஆக, ஒருமுறை தடவி மறந்துவிடும் மருந்தல்ல இது. அமெரிக்கா 2014இல் இதைப் பல் கூச்சத்துக்காக அனுமதித்தது, மருத்துவர்கள் சொத்தைக்கும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

இனி அந்தக் கறுப்பு. இதுதான் இந்த மருந்தின் ஒரே பெரிய குறை, பெற்றோர் தயங்குவதும் இதற்காகத்தான். பழைய புகைப்படச் சுருளில் ஒளிபட்ட இடம் கறுப்பது எந்த வேதியியலோ அதுவே இங்கும். நல்ல எனாமல் கறுப்பதில்லை, சொத்தையான இடம் மட்டும் நிரந்தரமாகக் கறுக்கும். கடைவாய்ப் பல்லில் யாருக்கும் தெரியாது. சிரித்தால் தெரியும் முன்பல்லில் தெரியும். பெண் பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டதே என்று கலங்கும் தாயிடம் அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்வது சரியல்ல. பின்னால் அதன்மேல் பல் நிறத்தில் பூச்சு வைத்து மறைக்கலாம் என்பதையும், மாற்று வழி முழு மயக்கம் என்பதையும் முன்கூட்டியே சொல்லி, படத்தைக் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகே தடவ வேண்டும். என் கணிப்பில், ராத்திரி அழாமல் தூங்கும் பிள்ளைக்கு அந்தக் கறுப்பு கொடுக்கத் தகுந்த விலைதான்.

ஃபுளோரைடு என்றதும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. நிலத்தடி நீரில் மிகுந்த ஃபுளோரைடு அங்கே தலைமுறைகளின் பல்லையும் எலும்பையும் கெடுத்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். கணக்கைப் பார்த்தால் பயம் தெளியும். லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள நீரை நாளுக்கு இரண்டு லிட்டர் குடித்தால் தினந்தோறும் 6 மில்லிகிராம் உள்ளே போகிறது, வருடக்கணக்கில். எஸ்டிஎஃப் ஒரு சொட்டில் இருப்பது ஏறத்தாழ 1 மில்லிகிராம், அதுவும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பாதிப்பு, விழுங்குவதாலும் அது நாள்தோறும் தொடர்வதாலும் சேர்ந்தே வருகிறது. இருந்தாலும் அந்த மாவட்டங்களில் குழந்தை குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்று பல் மருத்துவர் கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாச் சொத்தைக்கும் இது மருந்தாகாது. தானாகவே விண்விண்ணென்று வலிக்கும் பல், ஈறில் சீழ்க்கொப்புளம் கட்டிய பல் என்றால் நோய் நரம்புக்கூழுக்குள் போய்விட்டது. அதற்கு வேர் சிகிச்சையோ பல்லைப் பிடுங்குவதோதான் வழி. வெள்ளி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், வாயில் புண் இருக்கும்போதும் தடவக்கூடாது. புட்டிப் பாலும் மிட்டாயும் முன்புபோலவே தொடர்ந்தால் பக்கத்துப் பல்லில் புதுச் சொத்தை கிளம்பும். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, அதன்பின் பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசையால் காலையிலும், முக்கியமாக ராத்திரி படுக்கும் முன்பும், பெரியவர்களே துலக்கிவிட வேண்டும்.

நியூயார்க் நகரத் தொடக்கப் பள்ளிகளில் சில ஆயிரம் குழந்தைகளிடம் நடந்த கேரீட் அவே ஆய்வு, எஸ்டிஎஃப்பைப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோனது. பல்லின் பள்ளங்களை அடைக்கும் வழக்கமான முறைக்கு இது சளைத்ததல்ல என்று 2023இல் முடிவு வந்தது. அங்கே பதிவுபெற்ற செவிலியர்கள் தடவிய பற்களிலும், பல் சுகாதாரப் பணியாளர்கள் தடவிய பற்களிலும் பலன் ஒன்றாகவே இருந்தது. நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி இருக்க முடியாது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை சென்று குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் பல் சொத்தையும் இருக்கிறது. குழுவில் ஒரு செவிலியரும் உண்டு. இந்த மருந்து கேட்பதும் ஆண்டுக்கு இரண்டு முறைதான். இந்தியச் சந்தையில் எஸ்டிஎஃப் கிடைக்கிறது. பல் மருத்துவரின் மேற்பார்வையில் செவிலியர் தடவலாம் என்று அரசு விதி வகுத்து, சில நாள் பயிற்சி தந்து, பெற்றோரின் சம்மதப் படிவத்தில் கறுத்த பல்லின் படத்தையும் அச்சிட்டுக் கொடுத்தால், சொத்தை என்று நோட்டில் எழுதிக்கொண்டு போகும் அதே குழு அன்றைக்கே அதை நிறுத்திவிட்டும் போகலாம்.